பச்சைத் தகரத்துப் பவுடர்

ஆனந்தராஜாவுக்கு எடை போடாமல் எதையும் நம்பும் பழக்கம் இல்லை. தொழில் கொடுத்த குணமா, குணத்துக்கேற்ற தொழில் வாய்த்ததா என்று அவருடைய மனைவி சிவகௌரிக்கே தெரியாது. தென் லண்டன் கடைகளில் உள்ள தராசுகளைச் சோதித்துத் திருத்தும் ஒரு கம்பனியில் அவர் இருபத்திரண்டு வருடமாக வேலை செய்துவந்தார். தோல்பெட்டி நிறையப் பித்தளைப் படிக்கற்களோடு அவர் ஸ்ட்ரெதம் கடைத்தெருவில் இறங்கினால் மரக்கறிக்கடைக்காரர்களின் முகம் மாறும். "அண்ணை, ஒரு தேத்தண்ணி குடியுங்கோவன்" என்று ஒருவர் உபசரித்தால், கடைக்காரர் தராசில் ஏதோ செய்து வைத்திருக்கிறார் என்று ஆனந்தராஜா நினைப்பார். உபசரிக்காமல் விட்டால், ஏதோ செய்துவிட்டுத் தெரியாதவர் போல நிற்கிறார் என்று நினைப்பார். அவருடைய பார்வையில் இருந்து தப்பிய கடைக்காரர் கோலியர்ஸ் வுட்டிலிருந்து நோர்பரி வரை ஒருவரும் இல்லை.

இந்த மனிதரிடம் ஒரு ரிவால்வர் இருந்தது. பதறத் தேவையில்லை. கிளப்பில் சேர்ந்து, பொலிஸிடம் லைசென்ஸ் எடுத்து, காகித இலக்கைச் சுடுவதற்காகக் கைத்துப்பாக்கி வைத்திருக்க அந்த நாட்டுச் சட்டம் அப்போது இடம் கொடுத்தது. அது 1991ஆம் ஆண்டு. ரயில் பாலத்து வளைவு ஒன்றின் கீழே, ஈரவாடை வீசும் நீண்ட மண்டபத்தில் அவருடைய கிளப் இருந்தது. வேலையிடத்து வெள்ளைக்கார நண்பர் ஒருவர் எழுபத்தொன்பதில் அவரை அங்கே கூட்டிப்போனார். நண்பர் ஓய்வு பெற்று வேறு ஊருக்குப் போய்விட்டார், ஆனந்தராஜா தங்கிவிட்டார். சனிக்கிழமை காலையில் காதுகளை மூடிக்கொண்டு நிற்கும் அந்த ஒரு மணித்தியாலம் அவரை யாரும் எதுவும் கேட்க முடியாது. ஊரில் விழுந்த குண்டு, அகதி மனு, யாருடைய மகள் யாரோடு போனாள் என்ற கதை எதுவும் அந்தக் காதுக்குள் நுழையாது. அந்த ஒரு மணித்தியாலத்துக்காகத்தான் அவர் மற்ற ஆறு நாளையும் பொறுத்துக்கொண்டார்.

இதைச் சொந்தக்காரர் ஒருவருக்கும் சொல்லக்கூடாது என்று சிவகௌரியிடம் கண்டிப்பாகச் சொல்லி வைத்திருந்தார். எப்படியோ கசிந்துவிட்டது. பாதிப் பேருக்கு அவர் இயக்கத்தின் ஆள். மற்றப் பாதிப் பேருக்குப் பொலிஸின் ஆள். இரண்டு பகுதியும் கலியாண வீடுகளில் அவருக்கு மரியாதையாக இடம் விட்டே உட்கார்ந்தது. இந்தப் பேச்செல்லாம் என்றைக்காவது பொலிஸின் காதில் விழுந்து தன் லைசென்ஸைக் கொண்டுபோய்விடும் என்பது அவருடைய ஓயாத பயம். நவம்பரில் அதைப் புதுப்பிக்க வேண்டும். அதற்கு கிளப் செயலாளர் பியற்றிஸ், ஒரு காலத்தில் பள்ளிக்கூட அதிபராக இருந்த வெள்ளைக்காரப் பெண்மணி, 'இவர் நம்பத்தக்கவர்' என்று கையெழுத்திட வேண்டும்.

தோட்டாக்களை அவர் கடையில் வாங்குவதில்லை. எங்கோ ஒரு தொழிற்சாலையில் யாரோ நிரப்பியதை எப்படி நம்புவது? சுட்டு முடிந்த வெறும் பித்தளைக் கூடுகளைப் பொறுக்கிக்கொண்டு வந்து, கழுவி, அடியில் தீப்பொறி தரும் புதிய பற்றுமூடி பொருத்தி, அளந்து பவுடர் போட்டு, மேலே ஈயக் குண்டை அழுத்தித் தானே செய்துகொள்வார். கிளப்பில் பலரும் செய்கிற வேலைதான். ஆனால் வேலை தொடங்குமுன் பவுடர்த் தகரத்தை எடை போட்டுக் குறித்து, முடிந்ததும் மறுபடி எடை போட்டுக் குறித்து, ஒன்றிலிருந்து ஒன்றைக் கழித்து, போட்ட பவுடர் கூடுகளின் எண்ணிக்கைக்குச் சரியாக வருகிறதா என்று பார்க்கிறவர் அவர் ஒருவர்தான். பதினொரு வருடமும் சரியாக வந்தது.

அந்தப் பதினொரு வருடமும் அவர் பாவித்தது பச்சைத் தகரத்துப் பவுடர். நுண்ணிய பொடி, ஒரு கூட்டுக்குக் கொஞ்சமே போதும். அந்த வருடம் வாங்கிய தகரத்தில் ஏதோ மாறிவிட்டது. ஒரே இடத்தில் விழவேண்டிய குண்டுகள் அங்கொன்றும் இங்கொன்றுமாக விழுந்தன. முதலில் தன் கண்ணாடியைச் சந்தேகப்பட்டார், பிறகு ஈயத்தை, பிறகு கடைக்காரனை. ஐப்பசியில் கிளப்பின் கிண்ணப் போட்டி வருகிறது. இரண்டு வருடமாகக் கிண்ணம் அவருடைய வீட்டில் இருக்கிறது.

அந்த நேரம் பார்த்துத்தான் முருகேசன் வாயைத் திறந்தான். முருகேசன் கோயம்புத்தூரில் இருந்து வந்த கெமிக்கல் என்ஜினியர், முப்பது வயது சொச்சம். சேர்ந்து ஐந்து மாதம். கிளப் ரிவால்வரால் சுட்டே ஆனந்தராஜாவுக்கு அடுத்த இடத்துக்கு வந்திருந்தான். அவனும் சொந்த லைசென்ஸுக்காக பியற்றிஸின் கடிதத்தை எதிர்பார்த்துக்கொண்டிருந்தான்.

"சார், இன்னுமா அந்தப் பச்சை டப்பா?" என்றான்.

"ஓம். அதுக்கென்ன?"

"கொஞ்சூண்டுதான் விழும் சார் அது. கூட்டுக்குள்ள அடியில போய் ஒட்டிக்கும். ஞாபகமறதியா ரெண்டாந்தடவை போட்டுட்டாக்கூட வெளிய தெரியாது, சுட்டா துப்பாக்கியே போயிடும். சிவப்பு டப்பா வாங்குங்க. நல்லா உப்பின பவுடர், கூடு பாதிக்கு மேல நிறைஞ்சிடும். மறுபடி போட்டா வழிஞ்சு மேசையில கொட்டும். நம்ம தப்பு நம்ம கண்ணுக்கே தெரிஞ்சிடும்."

"நான் ஏன் ரெண்டு தரம் போடப்போறன்?"

"நீங்க போடமாட்டீங்க சார். சும்மா சொன்னேன்."

சும்மா ஒருவன் ஏன் சொல்ல வேண்டும்? ஆனந்தராஜா வீட்டுக்குப் போகும் ரயில் முழுக்க அதையே யோசித்தார். போட்டிக்கு மூன்று கிழமை இருக்க, இரண்டாம் இடத்துக்காரன் முதலாம் இடத்துக்காரனுக்குப் பவுடரை மாற்றச் சொல்கிறான். இது ஒன்று. இன்னொன்றும் உண்டு. யாழ்ப்பாணத்தில் எந்த இடம், வீட்டில் யார் யார், ஞாயிற்றுக்கிழமைகளில் என்ன செய்வீர்கள், வீடு எந்தத் தெரு என்று அவன் சனிக்கு ஒரு கேள்வியாவது கேட்டுக்கொண்டிருந்தான். இந்திய இராணுவம் ஊரை விட்டுப் போய் ஒன்றரை வருடம்தான் ஆகியிருந்தது. யார் யாருக்கு அறிக்கை அனுப்புகிறார்கள் என்று யாருக்குத் தெரியும்!

ஆனாலும் அவர் சிவப்புத் தகரம் ஒன்று வாங்கினார். கடைக்காரனும் அதையே புகழ்ந்தான். விற்காமல் கிடக்கிறதாக்கும் என்று நினைத்துக்கொண்டார். ஐம்பது தோட்டா செய்து ஒரு சனிக்கிழமை சுட்டுப் பார்த்தார். குண்டுகள் நெருங்கி விழுந்தன. பழையதைவிட ஒரு விரல் அகலம் குறைவு. அதுதான் அவரைக் குழப்பியது. முதல் நாளே இவ்வளவு நன்றாக வருகிற சாமானை எப்படி நம்புவது? துப்பாக்கிக் குழாய்க்குள் எரியாத துகள் கிடக்கிறது என்று ஒரு குற்றம் கண்டுபிடித்தார். இலக்குத் தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். கடைசியில், சொன்னவன் முருகேசன் என்ற ஒரே காரணத்துக்காகச் சிவப்புத் தகரத்தை அலுமாரியின் மேல்தட்டில் ஏற்றி வைத்துவிட்டு, போட்டிக்குப் பச்சையே என்று முடிவு செய்தார்.

போட்டிக்கு முதல் ஞாயிறு பின்னேரம், மாடியில் இருந்த சின்ன அறையில் போட்டித் தோட்டாக்களைச் செய்யத் தொடங்கினார். வெறும் கூடுகள் ஒரு பலகையில் கவிழ்ந்து நின்றன. ஒன்றை நிமிர்த்தி அளவைக் கருவியின் வாய்க்குக் கீழே நிறுத்துவார். கைப்பிடியை இழுத்தால் ஓர் அளவு பவுடர் விழும். பிறகு அது மற்றப் பலகைக்குப் போகும். முப்பது முடிந்து முப்பத்தோராவது கூடு வாய்க்குக் கீழே இருந்தபோது வாசல் மணி அடித்தது.

கீழே சிவகௌரி கதவைத் திறக்கும் சத்தம் கேட்டது. பிறகு தவநாயகியின் குரல். கோயிலில் பாதிக் கதைகள் தொடங்கும் இடம் அந்தத் தவநாயகிதான்.

"சொல்லாமல் வந்திட்டம் சிவகௌரி, குறை நினைக்காதையும். புது வீடு வாங்கி ரெண்டு மாசமாச்சு, இன்னும் வந்து பாக்கேல்லை எண்டு இவருக்கு ஒரே கரைச்சல்."

'இவர்' என்பது அவளுடைய கணவர் இராஜேந்திரன். அவர் எதற்கும் கரைச்சல் படுகிற ஆளே இல்லை.

வீடு பார்க்க வருவது என்றால் சும்மா இல்லை. முன்னறையில் இருத்தித் தேத்தண்ணி கொடுத்து அனுப்பிவிட முடியாது. குசினி, குளியலறை, கொதிகலன் இருக்கும் அலுமாரி, பின்வளவு, மாடியில் ஒவ்வொரு படுக்கையறை எல்லாவற்றையும் திறந்து காட்ட வேண்டும். வந்தவர்கள் சுவரைத் தட்டிப் பார்த்து, ஜன்னலைத் திறந்து மூடி, "நல்ல விசாலம்" என்று சொல்ல வேண்டும். ஒரு கதவை மட்டும் பூட்டி வைத்தால் அடுத்த வெள்ளிக்குள் அந்தக் கதவைப் பற்றி லண்டன் முழுக்கத் தெரிந்துவிடும்.

ஆனந்தராஜா பாய்ந்தெழுந்தார். நிரப்பிய முப்பது கூடுகளும் நின்ற பலகையை நீர்க்குடம் தூக்குவது போல நடுங்காமல் தூக்கிக்கொண்டுபோய் உடுப்பு அலுமாரிக்குள் வைத்தார். தகரங்களை அதற்குள் வைத்துப் பூட்டினார். கருவியைக் கழற்ற நேரமில்லை; படுக்கை விரிப்பு ஒன்றை எடுத்து அப்படியே போர்த்தினார். முப்பத்தோராவது கூடு விரிப்புக்குக் கீழே, வாய்க்கு நேரே, இருந்தபடி இருந்தது.

தவநாயகி படியேறி வந்தாள். பெரிய அறை, நடு அறை எல்லாம் பார்த்து முடித்துச் சின்ன அறை வாசலில் நின்றாள்.

"இதென்னண்ணை, தையல் மெசினோ?"

அவர் வாய் திறக்குமுன் சிவகௌரி முந்திக்கொண்டாள். "ஓமக்கா. பழசு. வேலை செய்யாது."

"இவர் பாப்பாரே! இவருக்கு மெசின் எண்டால் உயிர்" என்று தவநாயகி விரிப்பின் ஒரு நுனியைப் பிடித்தாள்.

"வேண்டாம், தூசி" என்றார் ஆனந்தராஜா. குரல் கொஞ்சம் கூடிவிட்டது. தவநாயகி நுனியை விட்டுவிட்டு அவரை ஒரு மாதிரிப் பார்த்தாள். பிறகு ஜன்னலைத் திறந்து மூடி, "நல்ல விசாலம்" என்றாள்.

அவர்கள் புட்டும் கறியும் சாப்பிட்டுப் போக ஏழு மணியாயிற்று. ஆனந்தராஜா மாடிக்கு ஏறும்போது தலைக்குள் தவநாயகியே நின்றாள். என்னத்தைக் கண்டாள்? ஏன் அப்படிப் பார்த்தாள்? யாரிடம் போய்ச் சொல்லுவாள்? விரிப்பை இழுத்தார். முப்பத்தோராவது கூடு கண்ணுக்கு முன்னால் இருந்தது. இதற்குப் போட்டேனா, போடவில்லையா? குனிந்து பார்த்தார். உள்ளே கறுப்பு, பல்ப் வெளிச்சம் அடிவரை போகவில்லை. எடுத்துக் கவிழ்த்துப் பார்க்க ஒரு நொடி போதும். ஆனால் நிரப்பிய கூட்டை வாய்க்குக் கீழே விட்டுவிட்டு எழுந்து போகிற ஆள் நான் இல்லை என்று அவருக்கு அவ்வளவு நிச்சயம். கைப்பிடியை இழுத்தார். மிச்சம் பத்தொன்பதையும் முடித்து, எல்லாவற்றிலும் குண்டை அழுத்தினார். தகரத்தை எடை போட்டுக் கொப்பியில் குறித்தார். கழித்துப் பார்க்கவில்லை. பதினொரு வருடத்தில் அன்றைக்குத்தான் முதல் தடவை.

போட்டியன்று பதினேழு வேட்டு நன்றாகப் போனது. பதினெட்டாவதில் சத்தம் வேறு மாதிரி இருந்தது. ரிவால்வரின் உருளை பிளந்து மேல்துண்டு பறந்தது. ஆனந்தராஜாவுக்குக் கை மரத்துப் போனது, வேறொன்றும் இல்லை. பின்னால் தன் முறைக்குக் காத்திருந்த முருகேசனின் இடது புருவத்தைத் துண்டு கிழித்துக்கொண்டு போனது. கண்ணாடி போட்டிருந்தபடியால் கண் தப்பியது. இரத்தத்தைக் கையால் பொத்திக்கொண்டு அவன் முதலில் கேட்டது, "சார், உங்களுக்கு ஒண்ணும் இல்லையே?" என்பதுதான்.

அந்தக் கேள்வியையும் ஆனந்தராஜா சந்தேகப்பட்டார். அவன் ஆஸ்பத்திரிக்குப் போனதும் பியற்றிஸிடம் ஆங்கிலத்தில் சொன்னார்: "நான் கை கழுவப் போனபோது என் தோட்டாப் பெட்டி பெஞ்சில் இருந்தது. திரும்பி வரும்போது அந்த ஆள் பக்கத்தில் இருந்தார். அவர் கெமிக்கல் என்ஜினியர்."

பியற்றிஸ் ஒரு வெற்றுத்தாளை அவர் பக்கம் நகர்த்தினாள். "இது பெரிய குற்றச்சாட்டு. எழுதித் தாருங்கள். வியாழக்கிழமை கமிட்டி கூடும். அதுவரை முருகேசனின் கடிதத்தை நான் நிறுத்தி வைக்கிறேன்" என்றாள்.

வீட்டுக்கு வந்து மீதி முப்பத்திரண்டு தோட்டாக்களையும் கழற்றி ஒவ்வொன்றின் பவுடரையும் எடை போட்டார். எல்லாம் அச்சொட்டாகச் சரி. அவருக்குத் தெம்பு வந்தது. முப்பத்திரண்டும் சரி, சுட்ட பதினேழும் சரி, ஒன்றே ஒன்று பிழை என்றால் அது வேண்டுமென்றே ஒருவன் மாற்றி வைத்த தோட்டா. செவ்வாயும் புதனும் உட்கார்ந்து மூன்று பக்கம் எழுதினார். தன் வேலையின் சுத்தத்தைக் காட்டக் கொப்பியின் கணக்கையும் சேர்த்தால் யாரும் மறுத்துப் பேச முடியாது என்று தோன்றியது. கொப்பியைத் திறந்தார். தொடங்குமுன் எடை, முடிந்தபின் எடை. அன்று விட்டுப்போன கழித்தலை இப்போது செய்தார். வந்ததை ஒரு கூட்டுக்கான அளவால் பிரித்தார்.

ஐம்பத்தொன்று.

மறுபடி செய்தார். ஐம்பத்தொன்று. தோல்பெட்டியில் இருந்த படிக்கற்களை எடுத்துத் தன்னுடைய தராசையே சோதித்தார். தராசில் ஏதும் இருக்க வேண்டும் என்று மனதார வேண்டிக்கொண்டார். சிவகௌரி தேத்தண்ணியோடு வந்து வாசலில் நின்றாள்.

"தராசில பிழையோ?"

"இல்லை."

"அப்ப?"

அவர் அவளைப் பார்க்காமல் சொன்னார்: "தவநாயகி வந்த அண்டைக்கு, ஒண்டுக்கு ரெண்டு தரம் போட்டிட்டன்."

சிவகௌரி கோப்பையை வைத்துவிட்டு மேசையில் இருந்த மூன்று பக்கத்தையும் வாசித்தாள். வாசிக்க வாசிக்க முகம் சிவந்தது. "இந்தப் பிள்ளை என்ன பாவம் செய்தது? இதையெல்லாம் நீங்கள்தான் எழுதினனீங்களோ?" என்றாள். அவருக்கு வெட்கம் பிடுங்கித் தின்றது. கொப்பியை மூடி வைத்துவிட்டால் ஒருவருக்கும் தெரியாது. கொடுத்தால் பியற்றிஸ் கையெழுத்திட மாட்டாள், சனிக்கிழமைகள் போய்விடும். அன்றிரவு அவர் சரியாகத் தூங்கவில்லை.

வியாழக்கிழமை கமிட்டிக்கு முன்னால் மூன்று பக்கத்தை வைக்கவில்லை. கொப்பியை விரித்து வைத்தார். "பிழை என்னுடையது. அந்தப் பிள்ளை என் பெட்டியைத் தொடவில்லை" என்றார். பியற்றிஸ் கழித்தலைத் தானும் ஒருமுறை செய்து பார்த்தாள்.

"உங்கள் கணக்கு மிகச் சுத்தம், மிஸ்டர் ஆனந்தராஜா. ஆனால் உங்கள் படிவத்தில் என்னால் கையெழுத்திட முடியாது" என்றாள்.

"தெரியும்" என்றார்.

வெளியே, பாலத்தின் கீழே முருகேசன் நின்றான். புருவத்தில் நாலு தையல். உள்ளே நடந்ததை யாரோ சொல்லியிருக்க வேண்டும்.

"ஒண்ணு கேக்கலாமா சார்? நான் பண்ணுவேன்னு எதை வச்சு நினைச்சீங்க?"

ஆனந்தராஜா அந்தத் தையலைப் பார்த்தபடி சொன்னார்: "நீர் எந்த நேரமும் ஏதாவது கேட்டுக்கொண்டு... ஊர் எது, வீடு எங்க, ஞாயிற்றுக்கிழமை என்ன செய்யிறனீங்கள் எண்டு..."

தலைக்கு மேலே ஒரு ரயில் போய் முடிந்தது.

"வாரம் பூரா இங்கிலீஷ்லயே பேசிட்டு, சனிக்கிழமை வந்தா தமிழ் பேச ஒரு ஆள் இருக்கார்னு இருந்தேன் சார். ஒரு நாள் வீட்டுக்குக் கூப்பிடுவீங்கன்னு பார்த்தேன். அவ்வளவுதான்" என்று சொல்லிவிட்டு நடந்துவிட்டான்.

வீடு பார்க்க வந்தவர்களுக்கெல்லாம் அலுமாரி முதல் திறந்து காட்டிய ஆனந்தராஜா, கேட்டு நின்ற ஒருவனுக்குத் தெருப் பெயரைக்கூடச் சொல்லவில்லை.

பியற்றிஸிடம் முருகேசனின் முகவரியும் தொலைபேசி எண்ணும் கேட்டு வாங்கி, அடுத்த ஞாயிற்றுக்கிழமை ஒரு கேக் பெட்டியோடு ஸ்ட்ரெதமுக்குப் போனார். முருகேசனின் மாடி வீட்டுக்குக் கீழே, மணியை அடிக்கக் கையை நீட்டியவர் நிறுத்தினார். அன்றைக்குத் தன் வீட்டில் அடித்த மணி ஞாபகம் வந்தது. உள்ளே அவன் என்ன வேலையில் இருக்கிறானோ. தெருமுனைத் தொலைபேசிக் கூண்டுக்குப் போய்க் காசைப் போட்டார்.

"முருகேசன், நான் ஆனந்தராஜா. உங்கட வீட்டுக்குக் கீழதான் நிக்கிறன். வேலையா இருந்தால் முடிச்சிட்டுச் சொல்லுங்கோ. நான் நிக்கிறன்."

மறுபக்கம் வெகுநேரம் சத்தம் இல்லை. கோபமா, யோசனையா என்று தெரியவில்லை. எடை போட்டுப் பார்க்க வழியும் இல்லை.

"இன்னைக்கு வேணாம் சார்" என்றான் முருகேசன் கடைசியில்.

"சரி தம்பி. அப்ப வைக்கிறன்."

"சார்."

"ஓம்?"

"இன்னொரு நாள் வாங்க. போன் பண்ணாம வாங்க."